பனிமலையில் இறங்கும் பெண்கள்

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சுவிற்சர்லாந்திலிருந்து அழைப்பு வந்தால், பின்னால் மணிகள் குலுங்கும் சத்தமும் ஆட்கள் கத்தும் சத்தமும் கேட்பதுண்டு. என்ன சத்தம் என்று கேட்டால், "ஸ்கி ஓட்டம் போகுது, பிள்ளைகள் பார்க்கினம்" என்று பதில் வரும். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுவிடும். காசு கிடைத்ததா, மருந்து குடித்தீர்களா, அங்கே மழையா என்ற கேள்விகளுக்குப் பிறகு இரண்டு பக்கமும் மௌனமாகிவிடும். அங்கே பிறந்த பேரப்பிள்ளைக்கும் இங்கே இருக்கும் அம்மம்மாவுக்கும் பொதுவாகப் பேச ஒரு பொருள் இல்லை.

சுவிற்சர்லாந்தில் இன்று ஏறக்குறைய 50,000 தமிழர் வாழ்வதாகச் சொல்லப்படுகிறது. அவர்களில் பெரும்பாலானோர் 1983க்குப் பின்னர் இங்கிருந்து போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அந்த நாட்டுக்குப் பனிச்சறுக்கு அப்படி. அதை நாமும் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நான் சமூகப் பணியாளராக வேலை செய்வது மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டையில். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரம். இங்கிருந்து ரிவர்ஸ்டன் நோக்கி வளைந்து வளைந்து ஏறுகிற பாதையில் தேயிலையும் ஏலமும் மூடுபனியும் உண்டு. எமது மகளிர் குழுக்களில், 1977இலும் 1983இலும் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போய், அங்கே யுத்தத்தில் கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்து, மீண்டும் சொந்தங்களைத் தேடி இங்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான் என்னிடம் கேட்டார்: "என்னா மிஸ், சுவிஸ்ல இருக்குற பேத்தி ஐஸ் மலையில இருந்து கம்புக்கு ஊடால எறங்குறேன்னு சொல்லுது. விழுந்தா காலு ஒடியாதா? அது எதுக்கு அப்புடி எறங்கணும்?"

நியாயமான கேள்வி. சேமிப்புக் கூட்டம் முடிந்த ஒரு மாலையில் என் கைத்தொலைபேசியில் ஒரு பெண்கள் போட்டியைப் போட்டு, எல்லோரும் சுற்றியிருந்து பார்த்தோம்.

மலை தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல

நம் நாட்டில் பனி பெய்வதில்லை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லின்மேல் வெள்ளையாக உறைபனி படிவதோடு சரி. ஆனால் எங்கள் பெண்களுக்குச் சரிவு தெரியும். கொழுந்து சுமந்து குறுக்குப் பாதையில் இறங்கிப் பழகியவர்கள். ஓர் அம்மா சொன்னார்: "பயந்து பின்னாடி மேட்டுப் பக்கம் சாஞ்சா வழுக்கி வுட்டுடும். பள்ளத்துக் காலுல பாரத்தக் குடுத்தாத்தான் கால் புடிக்கும்."

பனிச்சறுக்கின் முதலாவது பாடமும் அதுவே. புதிதாகப் பழகுகிறவர் பயத்தில் மலைப் பக்கமாகச் சாய்கிறார், விழுகிறார். திருப்பத்தில் பாரம் வெளிக் காலில், அதாவது பள்ளத்துப் பக்கக் காலில் இருக்க வேண்டும். அப்போதுதான் பலகையின் இரும்பு விளிம்பு பனியை வெட்டிப் பிடிக்கும்.

வாயில் என்பது என்ன?

ஓட்டப் பாதையில் சிவப்பு, நீலக் கம்புகள் நட்டிருப்பார்கள். அவற்றை 'வாயில்' என்கிறார்கள். வீராங்கனை ஒவ்வொரு வாயிலையும் சரியான பக்கத்தால் கடக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் அந்த ஓட்டம் முடிந்தது. ஒரே நேரத்தில் பலர் முந்தியோடும் போட்டியல்ல இது. ஒவ்வொருவராக இறங்குவார்கள். போட்டி கடிகாரத்தோடுதான். நேரத்தை ஒரு செக்கனை நூறாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள்.

அந்த நூறில் ஒரு பங்குகூடச் சிலவேளை பிரிந்து கொடுக்காது. 2014ஆம் ஆண்டு ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக்கில், சுவிஸின் டொமினிக் கிசினும் ஸ்லோவேனியாவின் டினா மாஸேயும் ஒரே நேரத்தில், 1 நிமிடம் 41.57 செக்கனில் இறங்கினார்கள். தங்கம் இருவருக்கும் கொடுக்கப்பட்டது.

நான்கு வகை ஓட்டங்கள்

எல்லாம் ஒரே மாதிரித்தானே தெரிகிறது என்பார்கள். நான்கு வகை உண்டு. வேகம் ஒரு முனையிலும் திருப்பம் மறு முனையிலும் இருப்பதாக நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதலாவது 'டவுன்ஹில்'. சுவிஸ் பிள்ளைகள் ஜெர்மன் மொழியில் 'அப்ஃபார்ட்' என்பார்கள். இதுதான் அதிவேகம். பெண்கள் 450 முதல் 800 மீற்றர் உயரம் வரை ஒரே மூச்சில் இறங்குகிறார்கள். வேகம் மணிக்கு 120 கிலோமீற்றரையும் தாண்டும். வாயில்கள் தூரத்தூர இருக்கும். சில இடங்களில் நிலம் கீழே போய்விட, ஆள் காற்றில் பறப்பார். ஆபத்து அதிகம் என்பதால் போட்டிக்கு முந்திய நாட்களில் அதே பாதையில் பயிற்சி ஓட்டம் உண்டு. போட்டியன்று ஒரே ஓட்டம்தான்.

இரண்டாவது 'சூப்பர் ஜீ'. இதுவும் வேகம்தான். ஆனால் திருப்பம் கூட. பயிற்சி ஓட்டம் கிடையாது. காலையில் பாதையோரமாக மெதுவாக இறங்கிப் பார்த்து, எந்த மேட்டுக்குப் பின்னால் எந்த வாயில் என்று மனப்பாடம் செய்ய வேண்டும். அதன் பின்னர் ஒரே ஓட்டம். நினைவாற்றலும் துணிவும் இங்கே பரீட்சிக்கப்படுகின்றன.

மூன்றாவது 'ஜயன்ட் ஸ்லாலம்'. ஜெர்மனில் 'ரீசன்ஸ்லாலம்'. வேகம் குறைந்து, நீண்ட, வட்டமான திருப்பங்கள் வரும். இரண்டு ஓட்டங்கள். இரண்டு நேரத்தையும் கூட்டி முடிவு சொல்கிறார்கள்.

நான்காவது 'ஸ்லாலம்'. நோர்வே மொழியில் சரிவில் போகும் தடம் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. பெண்களுக்கு 140 முதல் 220 மீற்றர் உயரம்தான். அதற்குள் ஐம்பது, அறுபது வாயில்கள். இரண்டு கம்புகளுக்கிடையே 13 மீற்றருக்கு மேல் இருக்காது. கம்பு அடியில் மடியக்கூடியது. அதனால் கையாலும் முழங்காலுக்குக் கீழே உள்ள காப்பாலும் அதை அடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். "டக்டக்கென்று அடிக்குதே, அது தப்பில்லையா?" என்று எங்கள் குழுவில் கேட்டார்கள். தப்பில்லை. கால்கள் இரண்டும் சரியான பக்கத்தால் போனால் போதும். இதற்கும் இரண்டு ஓட்டங்கள். இரண்டாவது ஓட்டத்துக்குக் கம்புகளை வேறு விதமாக மாற்றி நடுவார்கள்.

கால்பலகையும் வகைக்கு வகை மாறும். பெண்களின் டவுன்ஹில் பலகை 210 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஸ்லாலம் பலகைக்கு 155 சென்ரிமீற்றர் போதும். நீளமானது வேகத்தில் ஆடாமல் நிற்கும், குட்டையானது சட்டென்று திரும்பும். அதனால்தான் நான்கிலும் வல்லவர்கள் மிகச் சிலரே.

அண்மையில் 'குழு இணைப்பு' என்று ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரே நாட்டின் இருவர். ஒருவர் டவுன்ஹில் ஓட, மற்றவர் ஸ்லாலம் ஓட, இரண்டு நேரத்தையும் கூட்டுகிறார்கள். எங்கள் குழுவினருக்கு அதிகம் பிடித்தது இதுதான். ஒருத்தியிடம் இல்லாததை மற்றவள் கொண்டு வருகிறாள்.

திரையில் எதைப் பார்ப்பது?

முதலில் நிறத்தைப் பாருங்கள். இறங்கிக்கொண்டிருப்பவரின் நேரம் இடையிடையே திரையில் வரும். பச்சை என்றால் இதுவரை முதலிடத்தில் இருப்பவரைவிட முந்துகிறார். சிவப்பு என்றால் பிந்துகிறார். மொழி தெரியாவிட்டாலும் இது போதும்.

அடுத்தது வரிசை. ஸ்லாலத்திலும் ஜயன்ட் ஸ்லாலத்திலும் முதல் ஓட்டத்தில் சிறந்த 30 பேர் இரண்டாவது ஓட்டத்துக்குத் தெரிவாவார்கள். இப்போது வரிசை தலைகீழாகும். 30ஆவது இடத்தில் இருந்தவர் முதலில் இறங்குவார், முதலிடத்தில் இருந்தவர் கடைசியாக இறங்குவார். பின்னால் இருந்தவருக்குப் பனி கெடாத நல்ல பாதை கிடைக்கிறது. முன்னால் இருந்தவர் மேலே நின்று காத்திருக்க வேண்டும், தடம் குழி விழுந்த பாதையில் இறங்க வேண்டும். அதனால் கடைசி ஆள் கோட்டைத் தாண்டும்வரை எழுந்து அடுப்படிக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது, பனித்தூள். திருப்பத்தில் பலகையிலிருந்து நிறையப் பனித்தூள் பறந்தால் பலகை பக்கவாட்டில் வழுக்குகிறது, நேரம் வீணாகிறது என்று பொருள். வேகமாகத் தெரிகிறவர் சிலவேளை சிவப்பில் வருவதும் ஆரவாரமில்லாமல் இறங்குகிறவர் பச்சையில் வருவதும் இதனால்தான்.

போட்டிகள் ஒக்டோபர் கடைசியில் ஒஸ்ரியாவின் சோல்டனில் தொடங்கி மார்ச் வரை நடக்கும். குளிர்காலத்தில் சுவிஸ் நேரம் நம் நேரத்துக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். அங்கே காலை 10 மணி என்றால் இங்கே பிற்பகல் 2.30.

பெண்கள் வந்த வழி

பல விளையாட்டுகளில் பெண்கள் வாசலில் நெடுங்காலம் காத்திருந்தார்கள். இதில் அவ்வளவு காக்கவில்லை. 1931ஆம் ஆண்டு சுவிஸின் மூரன் கிராமத்தில் முதலாவது உலக சம்பியன் போட்டி நடந்தபோதே பெண்களும் ஓடினார்கள். இங்கிலாந்தின் எஸ்மே மெக்கின்னன் டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டையும் வென்றார். ஒலிம்பிக்கில் 1936இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றாகவே இந்த ஓட்டம் சேர்க்கப்பட்டது. ஆனால் பனியில் பாய்ந்து பறக்கும் 'ஸ்கி ஜம்பிங்' போட்டிக்கு ஒலிம்பிக்கில் பெண்கள் 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரே பனி, ஒரே மலை. கதவைத் திறப்பதும் மூடுவதும் மனிதர்கள்தான்.

நம் அயலிலிருந்தும் பெண்கள் போயிருக்கிறார்கள். 1988ஆம் ஆண்டு கனடாவின் கல்கரி ஒலிம்பிக்கில் ஷைலஜா குமார் ஸ்லாலம் ஓடினார். குளிர்கால ஒலிம்பிக்கில் பங்குபற்றிய முதல் இந்தியப் பெண் அவர். தங்கம் வென்றவர் சுவிஸின் வ்ரெனி ஷ்னைடர். ஷைலஜா 28ஆவதாக, முடித்தவர்களில் கடைசியாக வந்தார். ஆனால் இரண்டு ஓட்டங்களையும் முடித்தார். வாயில் தவறி, விழுந்து முடிக்காமல் போனவர்கள் அன்று பலர். இந்த விளையாட்டில் முடிப்பது தனியாக ஒரு சாதனை.

இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகிலுள்ள புருவா கிராமத்தைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர், 2018 ஜனவரியில் துருக்கியின் எர்சுரூமில் நடந்த போட்டியில் ஸ்லாலத்தில் வெண்கலம் பெற்றார். சர்வதேசப் பனிச்சறுக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

யுத்தம் தொட்ட மண்ணிலிருந்தும் ஒருவர் வந்தார். காஷ்மீரின் ஆரிப் கான், குல்மார்க் சரிவுகளில் பழகியவர். 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பங்குபற்றியவர் அவர் ஒருவர்தான். கொட்டும் பனியில் பெருந்தொகையானோர் இடையில் வெளியேறிய ஜயன்ட் ஸ்லாலத்தை முடித்து 45ஆவது இடம் பெற்றார். செய்திகளில் துப்பாக்கியோடு மட்டும் பேசப்படும் ஓர் ஊரின் பெயர் அன்று ஒரு விளையாட்டோடு பேசப்பட்டது. அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பது வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருக்கிற நமக்கு விளங்கும்.

விழுந்த பிறகு

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் கதைக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் உலகக் கிண்ணப் போட்டிகளில் வேறு எவரையும்விட, ஆண்களையும்விட, அதிக வெற்றி பெற்றவர். சுவீடனின் இங்கமார் ஸ்டென்மார்க் 86 வெற்றிகளோடு வைத்திருந்த சாதனையை 2023 மார்ச்சில் முறியடித்தார்.

அந்தச் சாதனைக்கு முன்னர் அவர் வாழ்வில் நடந்தவற்றைக் கேளுங்கள். 2020 பெப்ரவரியில் தந்தை விபத்தொன்றில் இறந்தார். 2022 பீஜிங் ஒலிம்பிக்கில் தனக்கு மிகவும் கைவந்த ஸ்லாலத்திலும் ஜயன்ட் ஸ்லாலத்திலும் தொடங்கிய சில செக்கன்களிலேயே வெளியேறினார். பாதையோரத்துப் பனியில் தலையைக் குனிந்து நீண்ட நேரம் உட்கார்ந்திருந்த அவரை உலகமே பார்த்தது. ஒரு பதக்கமும் இல்லாமல் திரும்பினார்.

2024 நவம்பர் 30ஆம் திகதி தனது 100ஆவது வெற்றியை நோக்கி ஜயன்ட் ஸ்லாலம் ஓடியபோது பயங்கரமாக விழுந்தார். வயிற்றுப் பக்கத்தில் கூரிய எதுவோ குத்தி, தசை கிழிந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். இரண்டு மாதத்தில் பனிக்குத் திரும்பினார். காயம் ஆறிவிட்டது. ஆனால் ஜயன்ட் ஸ்லாலம் வாயில்களுக்குள் போகும்போது உடம்பு கேட்கவில்லை. 2025 பெப்ரவரி உலக சம்பியன் போட்டியில் அந்த ஓட்டத்திலிருந்து தான் விலகுவதாக வெளிப்படையாக அறிவித்தார். தனக்கு ஏற்பட்டிருப்பது மனவடு நெருக்கீடு என்பதைப் பின்னர் தானே எழுதினார்.

சகோதரிகளே, இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. பட்டாசு வெடித்தால் மேசைக்கடியில் ஒளியும் பெண்ணை நான் அறிவேன். வெள்ளை வாகனம் தெருவில் நின்றால் சமைக்க முடியாமல் போகும் பெண்ணை அறிவேன். "இத்தனை வருசமாச்சு, இன்னும் என்ன?" என்று வீட்டாரே கேட்கிறார்கள். ஷிஃப்ரினுக்கு நடந்தது விபத்து. உங்களுக்கு நடந்தது விபத்தல்ல, மனிதர் செய்தது. அவருக்கு மருத்துவர், பயிற்றுநர், உளவியலாளர் எல்லோரும் பக்கத்தில் இருந்தார்கள். உங்களில் பலருக்கு ஒருவரும் இருக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. உலகத்தின் தலைசிறந்த வீராங்கனையின் உடம்பும் பயத்தை நினைவில் வைத்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் நெஞ்சு படபடப்பது கோழைத்தனத்தால் அல்ல.

அவர் திரும்பிய விதத்தையும் கவனியுங்கள். பயம் குறைவான ஸ்லாலத்தில் முதலில் தொடங்கினார். ஜயன்ட் ஸ்லாலத்தை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தார். அதே உலக சம்பியன் போட்டியில் நான் மேலே சொன்ன குழு இணைப்பில், பிரீஸி ஜோன்சன் டவுன்ஹில் ஓட, இவர் ஸ்லாலம் ஓடி, இருவருமாகத் தங்கம் வென்றார்கள். சில நாட்கள் கழித்து, பெப்ரவரி 23ஆம் திகதி, இத்தாலியின் செஸ்ட்ரியேரில் ஸ்லாலத்தில் 100ஆவது வெற்றியும் வந்தது. ஜயன்ட் ஸ்லாலப் பயம் அப்போதும் முழுதாகப் போகவில்லை.

எங்கள் வேலையிலும் இதையே பார்க்கிறோம். நகரத்துக்குத் தனியாகப் போகப் பயப்படும் பெண், முதலில் பக்கத்து வீட்டுக்காரியோடு கடைவரை போகிறார். பிறகு குழுக் கூட்டத்துக்கு வருகிறார். பஸ் பயணம் பிறகு பார்க்கலாம். பயமில்லாத இடத்தில் தொடங்குங்கள், முடிந்தால் ஒரு துணையோடு தொடங்குங்கள். நித்திரையில்லாமலும் சாப்பிட முடியாமலும் நாட்கள் போனால் அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கவும் முடியும். அங்கே போவது அவமானமல்ல.

பேச ஒரு பொருள்

பேத்தியின் கேள்வியோடு என்னிடம் வந்த அம்மா, அடுத்த முறை பேசும்போது "நீ ஓடுனது ஸ்லாலமா, ரீசன்ஸ்லாலமா?" என்று கேட்டிருக்கிறார். மறுமுனையில் பிள்ளை திகைத்துப் போய்விட்டதாம். பிறகு இருபது நிமிடம் பேசியிருக்கிறார்கள். எந்த வாயிலில் விழுந்தாள், பலகை எவ்வளவு நீளம், பயமாயிருந்ததா என்றெல்லாம். "பயமா இருந்துச்சான்னு இதுவரைக்கும் யாருமே கேக்கலையாம் மிஸ்" என்றார்.

2027ஆம் ஆண்டின் உலக சம்பியன் போட்டிகளுக்குச் சுவிஸின் கிரான்ஸ் மொன்டானா தெரிவாகியிருக்கிறது. சுவிஸில் பிள்ளைகள் உள்ளவர்களுக்குப் பேச நிறைய இருக்கும்.

பார்ப்பதும் நம் உரிமை

கடைசியாக ஒன்று. எங்கள் குழுவினர் அன்று சிரித்துக் கைதட்டியபோது, ஒரு தங்கை மட்டும் கதவைச் சாத்தச் சொன்னார். "புருஷன் போனவ டிவி பாத்துச் சிரிக்கிறான்னு சொல்லுவாங்க" என்பதுதான் அவர் பயம். ஓய்வு நேரமும் சமூகத்தில் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்று சமூகவியலில் படித்தோம். ஆண்கள் சந்தியில் நின்று கிரிக்கெட் பார்த்தால் அது பொழுதுபோக்கு. பெண்கள், அதிலும் விதவைகள், ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால் அது பேச்சாகிறது.

துக்கம் நமக்குத் தெரிந்தது போதும். துக்கத்துக்கு இடையில் சிரிப்பதால் போனவர்களை மறந்ததாகிவிடாது. மாதத்தில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம், நாலு பெண்கள் சேர்ந்து உட்காருங்கள். பனிச்சறுக்கோ, வலைப்பந்தோ, எதுவோ ஒன்றைப் பாருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும்.